கத்தரிக்காய்த் தோட்டமும் கணக்குத் தேர்வும்

கணக்கில் நான் முதன்முதலாக மைனஸ் மதிப்பெண் வாங்கியபோது எனக்கு முப்பத்தொரு வயது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் அந்தப் பயிற்சி மையம் இருந்தது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான மாலை வகுப்பு. படியேறும்போதே பிஸ்கட் வேகும் மணம் வரும். வகுப்பு முடிவதற்குள் எல்லோருக்கும் பசித்துவிடும். என்னைத் தவிர அங்கே படித்தவர்கள் எல்லோரும் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருந்தார்கள், அல்லது அதை அப்போதுதான் முடித்திருந்தார்கள். பாடம் நடத்திய சாருக்கே என்னைவிட வயது குறைவு. அவர் என்னை மேடம் என்பார், மாணவர்கள் அக்கா என்பார்கள். நான் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெரும்பாலும் யாரையும் கூப்பிடாமல் இருந்தேன்.

முதல் மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களைச் சுவர்த் திரையில் போட்டார்கள். பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும். மொழிப் பகுதியில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்திருந்தது. கணக்குப் பகுதிக்கு நேராக ஆறு என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. திரையில் ஏதோ அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண் என் பக்கம் சாய்ந்தாள். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மகள். பொறியியல் கடைசி ஆண்டு. தலையைச் சுற்றிய துப்பட்டாவில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும், அதையே எப்போதும் தேடிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, அந்த மைனஸ் ஆறு நீங்களா?"

"இல்ல" என்றேன். உடனே, "ஆமா" என்றேன்.

"எத்தன கொஸ்டின் அட்டெண்ட் பண்ணீங்க?"

"எல்லாத்தையும்."

"எல்லாமே தெரிஞ்சுதா?"

"தெரியாததுக்கெல்லாம் சி போட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. "யக்கா! இன்னாக்கா இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க! தப்புக்கு ஒரு மார்க் புடுங்கிடுவாங்கன்னு சார் மொத நாளே சொன்னாரே?"

சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன், அடிக்கோடுகூடப் போட்டேன். ஆனால் தேர்வில் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வருவதற்கு என் கைக்குப் பழக்கம் இல்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, கணக்கில் ஒழுங்காக மார்க் எடுத்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பத்தாம் வகுப்பு டீச்சருக்கு வெற்றுத்தாள் என்பது பெரிய பாவம். "எதையும் விட்டுட்டு வராதீங்கடி. ஒண்ணுமே தெரியலன்னா கேள்வி நம்பரையாவது எழுதுங்க" என்பார். கேள்வி எண்ணுக்குக் கீழே 'கொடுக்கப்பட்டவை' என்று எழுத வேண்டும். சூத்திரம் எழுத வேண்டும். வடிவியல் என்றால் உதவிப்படம், வரைபடம் என்றால் இரண்டு அச்சும் அளவுத்திட்டமும். கணக்கே வராவிட்டாலும் இதற்கெல்லாம் அரை, ஒன்று என்று மதிப்பெண் ஏறிக்கொண்டே வரும். ஒவ்வொரு பொதுத்தேர்வு முடிந்ததும் ஏதாவது ஒரு கேள்வி தப்பாக அச்சாகிவிட்டது என்றும், அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் என்றும் ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சை நம்பியே தெரியாத கேள்விகளையெல்லாம் தொட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

இங்கே நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைச் சொடுக்கச் சொன்னார்கள். வழிமுறையை யாரும் பார்க்கப்போவதில்லை. நானோ, கிறுக்கிப் பார்க்கக் கொடுத்த தாளில் வலது ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டு, இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் பெருக்கல் கழித்தல் என்று பிரித்து, ஒவ்வொரு விடையின் கீழும் இரட்டைக் கோடு போட்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஃபிரேம் போட்டு எங்க கடையில மாட்டிடலாம்கா" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு தாண்டி, ராஜகீழ்ப்பாக்கம், கௌரிவாக்கம் என்று மேடவாக்கத்தை நோக்கிப் போகும்போது உள்ளே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. மூன்று வருடமாக என்னை யாரும் எதிலும் சோதித்துப் பார்த்ததில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதா, ஊசி போட்டாயிற்றா, சாப்பிட்டாளா என்பதுதான் என் தேர்வு. அதில் யாரும் மதிப்பெண் போடவில்லை. இப்போது எனக்கென்று ஒரு மதிப்பெண் இருந்தது. மைனஸ்தான், ஆனாலும் என்னுடையது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தார்.

"எவ்ளோ?"

"மைனஸ் ஆறு."

"ஏசி ரிமோட்லகூட அது கெடையாதேம்மா!"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோசை வார்க்கப் போனார்.

இந்தத் தேர்வு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கு முன்பும் பின்பும் ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். மகள் பிறந்ததும் விட்டேன். திரும்பப் போக முயன்றபோது எல்லா நேர்காணலிலும் ஒரே கேள்விதான்: இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்? பதில் என் மடியில் ஏறி உட்கார்ந்து கேமராவைப் பிடித்து இழுக்கும். நகரத்தில் ஒரு கல்லூரியில், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு வார இறுதி எம்.பி.ஏ. இருந்தது. அதில் சேர்ந்தால் சோதனை வேலையைத் தாண்டி வேறு பக்கம் நுழையலாம் என்று தோன்றியது. அந்தக் கல்லூரி கணக்குக்கென்று தனி கட்-ஆஃப் வைத்திருந்தது. மற்ற பகுதிகளில் எவ்வளவு எடுத்தாலும், கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் நேர்காணலுக்கு அழைப்பு வராது.

எனக்கு இருந்ததோ இந்த ஒரு வருடம்தான். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால்தான் மாலையில் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுத் தாம்பரம் போக முடிந்தது. ஜனவரியிலிருந்து தினமும் சிறுசேரி அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாலை வகுப்பு என்ற பேச்சே இல்லை. தேர்வு நவம்பர் கடைசியில்.

கணக்கு எனக்கு வராமல் இல்லை. பழைய சூத்திரங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. மகளை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்துவர வாசலில் காத்திருக்கும் நேரத்தில் வண்டி மேலேயே உட்கார்ந்து விழுக்காட்டுக் கணக்குகளைப் போடுவேன். சில சமயம் விடை பளிச்சென்று வரும்போது சத்தமாக "ஆங்!" என்றுவிடுவேன். பக்கத்தில் நிற்கும் அம்மாக்கள் தள்ளி நிற்பார்கள். மேடவாக்கம் சந்திப்பில் சிக்னல் விழுந்தால் முன்னால் நிற்கும் வண்டியின் எண் மூன்றால் வகுபடுமா, ஏழால் வகுபடுமா என்று பார்ப்பேன். அந்தச் சந்திப்பில் எந்த எண்ணையும் முழுசாகப் பகாக் காரணிப்படுத்தும் அளவுக்கு நேரம் கிடைக்கும்.

என் பிரச்சினை சரிபார்ப்பதுதான். நான் பார்த்த வேலையே அது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இரண்டாவது மாடி இறங்கிவிட்டு, இழுத்துப் பார்த்தேனா என்று பார்க்க மேலே ஏறுவேன். தேர்வுத் திரையின் ஓரத்தில் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். விடை போட்ட எண் பச்சையாகும், பார்த்துவிட்டு விட்டது சிவப்பு. 'பிறகு பார்க்கலாம்' என்ற பொத்தானை அழுத்தினால் கட்டம் ஊதாவாகும். நான் விடை போட்ட கேள்விகளையும் ஊதாவாக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். கடைசி நிமிடங்களில் திரும்பி வந்து, சரியாக இருந்த விடையைச் சந்தேகப்பட்டு மாற்றுவேன்.

இரண்டாவது மாதிரித் தேர்வு முடிந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, ஸ்கிரீன் ஃபுல்லா கத்தரிக்கா தோட்டம்?"

"ஒரு தடவ செக் பண்ணிக்கலாம்னு..."

"செக் பண்ணீங்களா?"

"மூணு மாத்தினேன்."

"அந்த மூணும் முன்னாடி ரைட்டா இருந்துச்சா?"

அவள் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேசையில் தட்டினாள்.

"இங்க பாருங்கக்கா. ஆட்டோ புடிப்பீங்கல்ல? தாம்பரத்துல எறங்கினா பத்து ஆட்டோ நிக்கும். ஒருத்தர்கிட்ட ரேட் கேக்கறீங்க. படிஞ்சா ஏறுங்க. படியலயா, அடுத்த ஆட்டோ. நீங்க என்ன பண்றீங்கன்னா, மொத ஆட்டோகாரர்கூட நின்னு அரை மணி நேரம் பேரம் பேசறீங்க. ஏறின பிறகும் எறங்கி, இந்த ஆட்டோ சரியான ஆட்டோவான்னு பாக்கறீங்க."

"அப்ப தெரியாதத விட்டுடணுமா? வெறுமனே?"

"வெறுமனே. டாட்டா சொல்லிட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. ஆப்ஷன் இல்லாம விடைய நம்மளே டைப் பண்ற கொஸ்டின் கொஞ்சம் வரும்ல? அதுல மைனஸ் கெடையாது. அங்க உங்க ஸ்கூல் டீச்சர் சொன்னதுதான் கரெக்ட். கடைசில எதையாச்சும் போட்டுட்டு வாங்க."

அன்று மாலை வீட்டில் கத்தரிக்காய்த் தோட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கணவரைவிட மகள்தான் அதிகம் அதிர்ச்சி அடைந்தாள். உலகத்தில் அவளுக்குப் பிடிக்காத ஒரே காய் அது.

"அம்மா, நீ கத்தரிக்கா போடாத" என்றாள். "யாருக்கும் வேணாம்."

அதன் பிறகு நான் கணக்கைவிடக் கணக்கை விடுவதைத்தான் அதிகம் பழகினேன். ஒரு கேள்வியைப் படிப்பது, வழி தெரிகிறதா என்று பார்ப்பது, தெரியாவிட்டால் நகர்வது. முதலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போவது போல இருந்தது. விட்ட கேள்வி அடுத்த மூன்று கேள்விகளுக்கும் பின்னாலேயே வரும். பிறகு ஒருநாள் அது வரவில்லை. விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நான்கு கேள்விகளை அடுத்தடுத்துப் போட்டேன், நான்கும் பச்சை. அந்த வேகத்தில் காது சூடாகிவிட்டது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் நான் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள். முன்னால் ஓடுபவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரத் தேர்வில் கணக்கில் பிளஸ் பதினான்கு. போன வருடக் கட்-ஆஃப் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் கீழே பேக்கரியில் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கினாள்.

"பூஜ்யத்த கடந்துட்டீங்கக்கா. இனிமே நீங்க மனுஷி" என்றாள்.

குழாய், தொட்டிக் கணக்குகளை மட்டும் என்னால் விடவே முடியவில்லை. அவற்றை நான் நேசிக்க ஆரம்பித்திருந்தேன். பள்ளியில் அந்தக் கணக்குகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. எந்த மடையன் இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைப்பான் என்று தோன்றும். மேடவாக்கத்தில் குடியேறிய பிறகுதான் தெரிந்தது, அந்த மடையர்கள் நாங்கள்தான்.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் முறைவைத்துக் கீழே போய் நிற்க வேண்டும். அதை டேங்கர் டியூட்டி என்போம். தரைத்தொட்டியின் மூடியைத் திறந்துவிட வேண்டும், தண்ணீர் கலங்கலா, உப்பா என்று பார்க்க வேண்டும், தொட்டி நிரம்பும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். லாரி ஊற்றும்போது மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை யாரும் போடக் கூடாது என்பது விதி. அடியில் இருக்கும் சேறு கலங்கி மேலே போய்விடும். அந்த விதியை யாராவது ஒருவர் தினமும் மீறுவார்.

என் முறை வந்த ஒரு காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று மோட்டார் உறுமியது. சங்கச் செயலாளர் அங்கிள் லுங்கியோடு ஓடிவந்தார்.

"யாரும்மா மோட்டார் போட்டது?"

எனக்கு அவர் குரல் சரியாகக் காதில் விழவில்லை. நான் தொட்டிச் சுவரில் ஈரக்கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரப்பும் குழாய் ஒன்று, காலி செய்யும் குழாய் ஒன்று. லாரி மட்டும் ஊற்றினால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். மோட்டார் மட்டும் ஓடினால் எவ்வளவு நேரத்தில் வற்றும் என்பதும் தெரியும். கோடை முழுவதும் பார்த்ததுதானே. மனதுக்குள் இரண்டு பின்னங்களையும் கழித்தேன்.

"அங்கிள், மோட்டார நிறுத்தாதீங்க! அப்படியே விடுங்க! இருபது நிமிஷத்துல ரொம்பும்!"

"ரொம்பறது இருக்கட்டும், சேறு மேல போகுதே!"

"இருபது நிமிஷம் மட்டும் அங்கிள்!"

"ஏம்மா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். என் கணக்கு பாதியில் நின்றது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், "என்னாச்சு?" என்று கத்தினார். "பின்னம் வந்துடுச்சு!" என்று நானும் கத்தினேன். அன்று முழுக்க எங்கள் குழாய்களில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. செயலாளர் அங்கிள் இன்று வரை அந்த மோட்டாரை நான்தான் போட்டேன் என்று நம்புகிறார்.

தேர்வு நாளன்று மழை. இரண்டு நாளாகவே பெய்துகொண்டிருந்தது. தேர்வு மையம் பள்ளிக்கரணையைத் தாண்டி ஒரு கல்லூரி. சாதாரண நாளில் பக்கம்தான். மழை நாளில் சதுப்புநிலம் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

காலையில் மகளின் நெற்றி சுடுவது போல இருந்தது. தொட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டேன்.

"தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாச்சு. நார்மல்" என்றார் கணவர்.

"எனக்கு சூடா தெரியுதே."

"ஒன் கை ஜில்லுன்னு இருக்கு. அதான் அவ சூடா தெரியறா. மறுபடி பாக்கணுமா?"

வேண்டும் என்ற சொல் வாய் வரை வந்தது. மகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "கத்தரிக்கா போடாத!" என்றாள். கதவைச் சாத்தினேன். அவர்கள் உள்ளே இருந்ததால் பூட்டவேண்டிய வேலை இல்லை. அதுவே பெரிய உதவியாக இருந்தது.

மழையில் வண்டி எடுக்க வேண்டாம் என்று சாலைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினேன்.

"பள்ளிக்கரணையா? தண்ணி நிக்குதும்மா. நானூறு ஆவும்."

"நானூறா?"

"உள்ள தண்ணி பூந்தா இன்ஜின் காலி. யார் குடுப்பாங்க?"

வழக்கமான நான் அங்கேயே நின்று, மழையின் நியாயத்தையும் என் நியாயத்தையும் பேசியிருப்பேன். அன்று, "பரவால்லண்ணா" என்றுவிட்டு நகர்ந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. படியவில்லை, அடுத்த ஆட்டோ. அடுத்தது வர மூன்று பாட்டு கேட்கும் நேரம் ஆனது. அவர் இருநூறு கேட்டார், ஏறிவிட்டேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் அலை எழுந்தது. வலது பக்கம் சதுப்பில் மழையோடு மழையாக நாரைகள் நின்றன. பயமாக இருந்தது, ஆனால் திருவிழாவுக்குப் போவது போலவும் இருந்தது. கால் விரல்கள் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கணக்குப் பகுதி கடைசியில் வந்தது. திரையின் மேல் மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. முதல் கேள்வி, விழுக்காடு, படிந்தது. இரண்டாவது ஏதோ வட்டத்துக்குள் முக்கோணம், டாட்டா. மூன்றாவது படிந்தது. நான்காவதையும் ஐந்தாவதையும் விட்டேன். பக்கத்தில் யாரோ தும்மிக்கொண்டே இருந்தார்கள். ஏசி குளிரில் என் நனைந்த துப்பட்டா தோளில் ஒட்டியது. எதுவும் உறைக்கவில்லை. தாளில் ஓரக்கோடு போடவில்லை. அடிக்கோடு போடவில்லை. எண்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்துகொண்டிருந்தன. எங்கள் டீச்சர் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

பாதி தாண்டியதும் அது வந்தது. ஒரு தொட்டி. நிரப்பும் குழாய் ஒன்று, காலி செய்யும் குழாய் ஒன்று.

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இது என் தொட்டி. சேறும் சத்தமும் செயலாளர் அங்கிளின் லுங்கியுமாக என் கண்ணெதிரே நின்ற தொட்டி. ஆசையோடு இறங்கினேன். இரண்டு பின்னங்களைக் கழித்தேன். அடுத்த வரியில் இன்னொரு குழாய் பாதி நேரத்தில் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த வரியில் முதல் குழாயின் வேகம் குறைந்தது. தாளின் மூலை நிரம்பி, அடுத்த மூலைக்குப் போனேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த ஒரு தொட்டிக்குள் நின்றுகொண்டு இரண்டு கேள்விகளின் நேரத்தைக் கொட்டியிருந்தேன்.

'பிறகு பார்க்கலாம்' பொத்தானை அழுத்தினேன். அந்தக் கட்டம் ஊதாவாயிற்று. பச்சைகளுக்கும் சிவப்புகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கத்தரிக்காய்.

அதற்குப் பின்னால் இருந்த கேள்விகளில் மூன்று சுலபமானவை. இன்னும் கொஞ்சம் தொட்டியில் நின்றிருந்தால் அவற்றைப் பார்த்தே இருக்க மாட்டேன். மூன்றையும் போட்டேன். தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குத் திரும்பி வந்து, தெரியாதவற்றில் எங்கள் டீச்சரை நினைத்துக்கொண்டு மனதுக்குத் தோன்றிய எண்களைப் போட்டேன். ஒன்றில் மகளின் வயதைப் போட்டேன்.

கடைசி நிமிடம். கத்தரிக்காயைத் திறந்தேன். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தெரிந்தது. மீதி இரண்டில் ஒன்று. சி அதில் இருந்தது. சொடுக்கியின் மேல் விரல் நின்றது. ஏற்கெனவே போட்ட விடைகளையெல்லாம் இன்னொருமுறை பார்க்கச் சொல்லி மனசு ஒரு பக்கம் இழுத்தது. இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தொடைக்குக் கீழே நுழைத்து உட்கார்ந்தேன் என்பதுதான் சரி. திரை தானாக மூடிக்கொண்டது.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வேறு மையத்தில் எழுதிய பக்கத்து இருக்கைப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

"யக்கா! டாங்க் கொஸ்டின் பாத்தீங்களா? எத்தன மணி நேரம் போட்டீங்க?"

"நான் போடல."

"நீங்களா? டாங்க் கொஸ்டினையா?"

"விட்டுட்டேன்."

"யக்கா, எனக்கு அழுகையா வருது" என்று சிரித்தாள்.

ஜனவரியில் கணவர் சிறுசேரிக்குப் போக ஆரம்பித்தார். மாலை வகுப்புகள் முடிந்துபோயின. முடிவு வருவதற்கு முன்பே விடைக்குறிப்பு வெளியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அதை வைத்துக்கொண்டு என் விடைகளைச் சரிபார்த்தார். நான் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மகளின் வயது தப்பு, அதற்கு மைனஸ் இல்லை. குத்துமதிப்பாகப் போட்ட இன்னொரு எண் சரி. தொட்டிக் கணக்குக்கு வந்ததும் அவர், "இதுக்கு சரியான ஆன்ஸர் என்ன தெரியுமா?" என்றார்.

"சொல்லாதீங்க."

"சி-யான்னு மட்டும்..."

"சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல!"

இன்று வரை எனக்கு அது தெரியாது. கூட்டிப் பார்த்ததில், கட்-ஆஃபுக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம் என்று வந்தது. இந்த வருடக் கட்-ஆஃபைக் கல்லூரி அறிவித்தால்தான் தெரியும்.

அறிவித்த நாளில் எனக்கு டேங்கர் டியூட்டி. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். லாரி ஊற்றிக்கொண்டிருந்தது, நான் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா வந்துடுச்சு பாருங்க பாருங்க பாருங்க.' ஈரக்கையோடு என் வரிசை எண்ணைத் தட்டினேன், தப்பு. மறுபடி தட்டினேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பகுதி வாரியாக வந்தது. கணக்கு: கட்-ஆஃபுக்கு மேலே. கொஞ்சம்தான் மேலே, ஆனால் மேலே. அதற்கு அடியில், நேர்காணலுக்குத் தகுதி பெற்றுள்ளீர்கள் என்ற வரி. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். இன்னொருமுறையும் படித்தேன். வரிசை எண் என்னுடையதுதானா என்று பார்த்தேன்.

பிறகு நான் போட்ட சத்தத்தில் செயலாளர் அங்கிள் வெளியே வந்தார்.

"என்னம்மா, தண்ணி உப்பா?"

"பாஸ் அங்கிள்! கணக்குல பாஸ்!"

"ஓ!" என்றவர், சட்டென்று மோட்டார் அறைப் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டினார். மோட்டார் ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாழ்த்துச் சொன்னார்.

கணவருக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் இருந்ததால் அவரால் கத்த முடியவில்லை. "சூப்பர், சூப்பர், சூப்பர்" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் அவள் கேட்ட இடம் கிடைக்கும்போல் இருந்தது. "அத்தா கடையில வந்தவங்களுக்கெல்லாம் பாதாம் பால் குடுத்துட்டு இருக்காரு, கண்ணாடி வாங்க வந்தவங்க பயந்துட்டாங்க" என்றாள்.

லாரி போய்விட்டது. மகளை அழைத்துவர நேரமாகிவிட்டது. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன், வண்டிச் சாவியை எடுத்தேன், கதவைப் பூட்டினேன், இழுத்துப் பார்க்காமல் இறங்கினேன். வண்டியைக் கிளப்பி வாசல் வரை வந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றியது. தரைத்தொட்டியின் மூடி.

சாயங்காலம் குழந்தைகள் விளையாடும் இடம் அது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மேல் ஏறி ஒருமுறை குதித்தும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.